ஆப்டிகல் பயாப்சி: ஒளிவழித் திசு ஆய்வு

'பயாப்சி எடுக்கணும்' என்று டாக்டர் சொன்னாலே நமக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் அந்தச் சொல்லுக்குள் கத்தியே கிடையாது. கிரேக்கத்தில் 'பயோஸ்' என்றால் உயிர், 'ஆப்சிஸ்' என்றால் பார்த்தல். பிரெஞ்சுத் தோல் மருத்துவர் எர்னஸ்ட் பெஸ்னியே 1879இல் இரண்டையும் சேர்த்து இச்சொல்லை உருவாக்கினார். பிணப் பரிசோதனையைக் குறிக்கும் 'ஆட்டாப்சி'யில் இருப்பதும் இதே 'ஆப்சிஸ்'தான். சதையைக் கிள்ளி எடுப்பது பார்ப்பதற்கான வழி மட்டுமே.

கிள்ளாமல், ஒளியைச் செலுத்தியே திசுவைப் பார்ப்பதுதான் ஆப்டிகல் பயாப்சி. தோலை எடுத்துக்கொள்வோம். ஒரு குறிப்பிட்ட ஆழத்திலிருந்து திரும்பும் ஒளியை மட்டும் வடித்தெடுக்கும் கான்ஃபோகல் நுண்ணோக்கி செல்களைத் தனித்தனியாகக் காட்டும். ஆனால் சுமார் 0.2 மி.மீ. ஆழத்தோடு சரி. (இதற்கு 1957இல் காப்புரிமை கோரிய மார்வின் மின்ஸ்கி, பிற்பாடு செயற்கை நுண்ணறிவில் பெயர் பெற்ற அதே ஆள்தான்.) கண் மருத்துவமனைகளில் விழித்திரைக்கு எடுக்கும் ஓசிடி (திரும்பி வரும் ஒளியைக் கொண்டு திசுவின் குறுக்குவெட்டுப் படம் எடுக்கும் முறை), தோலில் 1 மி.மீ.க்கும் அதிக ஆழம் போகும். ஆனால் அதில் பொதுவாகச் செல்கள் தனித்துத் தெரியா.

மூன்றாவது வகைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 800 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரை மிகக் குறுகிய துடிப்புகளாகத் தோலில் செலுத்தினால், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரத இழைகள் அதைச் சரிபாதி அலைநீளத்தில், 400 நானோமீட்டர் ஊதா ஒளியாகத் திருப்பித் தருகின்றன. சாயம் எதுவும் ஏற்ற வேண்டாம். அதே லேசரில், தோலுக்கு நெகிழ்வு தரும் எலாஸ்டின் என்ற புரதமும் தானாக ஒளிரும், ஆனால் வேறு நிறத்தில். அதனால் இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம்.

ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுவதால் இவற்றை ஒரே கருவியில் இணைக்கிறார்கள். ஓசிடி கட்டியின் ஆழத்தைக் காட்ட, கான்ஃபோகல் அதன் செல்களைக் காட்டும். இந்தக் கூட்டுமுறைக்கு 'பன்முறை நுண்ணோக்கியல்' என்ற பெயர் பொருந்தும்.

சரி, ஆப்டிகல் பயாப்சிக்குத் தமிழ் என்ன? 'ஒளித்திசு ஆய்வு' என்றால் ஒளியாலான திசுவோ என்று மயங்க இடமுண்டு. 'ஒளிவழித் திசு ஆய்வு' என்றால் எதைக் கொண்டு எதை ஆராய்கிறோம் என்பது தெளிவாகிறது. 'கத்தியில்லாப் பயாப்சி' தலைப்புக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் ஊசியால் எடுப்பதும் கத்தியில்லாத பயாப்சிதானே! 'பயாப்சிக்கு மாற்று' என்று எழுதுவதும் அவசரம். படத்தில் சந்தேகம் தட்டினால், உறுதிசெய்யப் பெரும்பாலும் சதையை எடுத்துத்தான் பார்க்கிறார்கள்.