மணலைச் சுமக்காமல் வயலை மீட்டவர்கள்

இடைக்கால ஜப்பானில் கோயில்களும் பிரபுக்களும் வைத்திருந்த 'ஷோயென்' பண்ணைகளைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "வெள்ளம் வந்து வயலில் மணல் போட்டுவிட்டால் அந்த நிலம் அவ்வளவுதானே? பிறகு ஏன் ஆற்றுப் படுகையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்?"

நல்ல கேள்வி. பதில் கியோத்தோவுக்குத் தெற்கே, கிஸு ஆற்றுப் படுகையில் இருக்கிறது. அங்கே பெரிய கோயில்களுக்கு ஷோயென்கள் இருந்தன. நிலத்தில் பாடுபட்டவர்கள் உள்ளூர்க் குடியானவர்கள். விளைச்சலில் ஒரு பங்கு கோயிலுக்குப் போகும்.

ஆறு கரை தாண்டியதும் வேகம் தணிகிறது. கனமான மணல் கரையோரத்திலேயே விழுந்து மேடாகிறது. நுண்ணிய களி தொலைவு போய், தேங்கிய நீரில் மெல்லப் படிகிறது. ஆகவே மேட்டில் வீடுகளும் புன்செயும், பின்னாலுள்ள பள்ளத்தில் நெல். இதுவரை பள்ளிப் பாடம்.

கரை உடைந்தால்தான் வினை. மணல் நேரே நெல்வயலுக்குள் பாய்ந்துவிடும். கிஸு என்றாலே மரத்துறை என்று பொருள். பழைய தலைநகரான நாராவின் கோயில்களுக்கும் அரண்மனைகளுக்கும் மரம் வந்து இறங்கிய துறை. மரம் போன மலைகளில் சிதைந்த கருங்கல் பாறை பருமணலாக இறங்கியது. இங்குள்ள சில கிளையாறுகளின் படுகை மணலால் உயர்ந்து உயர்ந்து, இன்று ரயில் அவற்றுக்கு அடியில் சுரங்கம் வழியாகப் போகிறது!

அந்தக் காலத்து வயல்கள் பக்கத்துக்கு 109 மீட்டர் கொண்ட சதுரங்களாக அளக்கப்பட்டவை. அப்படி ஒரு சதுரத்தில் 10 சென்டிமீட்டர் மணல் படிந்தால் அது ஏறத்தாழ 1,200 கன மீட்டர், சுமார் 1,800 டன். கூடையில் அள்ளி எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? பக்கத்து வயலிலும் அதே மணல்தானே!

அவர்கள் அதை வெளியே கொண்டுபோகவே இல்லை. வயலின் ஒரு பகுதியை நெல்லுக்கு வேண்டாமென்று விட்டு, மற்ற பகுதியின் மணலை வழித்து அங்கேயே நீள நீளமான திட்டுகளாகக் குவித்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கால் பங்கு நிலத்தைத் திட்டுக்கு ஒதுக்கினால், முக்கால் பங்கின் மணல் அதன்மேல் 30 சென்டிமீட்டர் ஏறும்; அங்கே ஏற்கெனவே கிடந்த 10-ஐயும் சேர்த்தால் திட்டின் உயரம் 40. மீதி முக்கால் பங்கில் பழைய களிமண் வெளியே வந்துவிடும், வாய்க்கால் நீரும் முன்போலவே பாயும். மண் நகர்ந்த தூரம் சில மீட்டர்தான். அடுத்த வெள்ளம் வந்தால் திட்டு இன்னும் உயரும், வயல் இருந்த மட்டத்திலேயே இருக்கும். இந்தத் திட்டுக்கு 'ஷிமாபத்தகே' என்று பெயர், தீவுப் புன்செய்.

எனக்கு இதில் மிகப் பிடித்தது, கெடுத்த மணலே பிறகு உதவுவதுதான். மணலில் நீர் தங்காது, வேர் மூச்சுவிடும். பக்கத்து வயலின் ஈரம் அடியிலிருந்து ஊறி ஏறும். கீழே நெல், மேலே கோதுமை, வாற்கோதுமை, பயறு, பின்னாளில் பருத்தி. ஒரே சதுரத்தில் நன்செயும் புன்செயும்.

எல்லா நிலமும் இப்படித் தப்பிவிடவில்லை. நில அளவைப் பதிவுகளில் 'கவனாரி' என்ற சொல் வருகிறது. 'ஆறாகிப் போனது' என்று அர்த்தம். அதற்கு வரி கேட்க முடியாது. வெள்ளம் வடிந்த பிறகு தண்ணீருக்கே சண்டை. 1235-இல் கோஃபுகுஜி கோயிலின் ஓசுமி பண்ணைக்கும் இவாஷிமிசு ஆலயத்தின் தகிகி பண்ணைக்கும் பாசன நீர்த் தகராறு முற்றி, காமகுராவிலிருந்த சாமுராய் அரசே தலையிட வேண்டியதாயிற்று.

அதே கிஸு படுகையிலுள்ள ஜோயோ நகரில் விரைவுச்சாலைக்காகத் தோண்டியபோது இத்தகைய திட்டுகள் வரிசை வரிசையாக வெளிப்பட்டன. குழியின் சுவரில் எது திட்டு, எது வயல் என்பதை நிறமே சொல்லிவிடும். நீரில் ஊறிய வயல்மண்ணில் இரும்பு ஆக்சிஜனை இழந்து சாம்பல் நிறமாகும். காற்றுப் பட்ட திட்டு பழுப்பாக இருக்கும். ஜப்பானில் சாலை போடுமுன் இப்படித் தோண்டிப் பதிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் செலவு சாலை போடுபவருடையது. அதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். பொக்கிஷமோ சிலையோ கிடைத்தால் மட்டும் அகழாய்வுக்குப் பணம் தருகிற நாட்டுக்கு இந்த மணல் திட்டுகள் கண்ணிலேயே பட்டிருக்காது. வெள்ளத்தை நதியின் கோபம் என்று சொல்லி ஓய்ந்துவிடுகிறோம். அந்தக் குடியானவர்கள் மணல் எங்கே விழும், களி எங்கே படியும் என்று பார்த்து வைத்திருந்தார்கள்.

கரைகள் உயர்ந்த பிறகு புது மணல் வருவது குறைந்தது. வயல் சீரமைப்பில் பல திட்டுகள் சமமாகிவிட்டன. நகோயாவை ஒட்டிய நோபி சமவெளியில் இச்சினோமியா நகரத்துப் பக்கம் சில இன்னும் இருக்கின்றன, சுற்றிலும் நெல், நடுவே மேட்டில் காய்கறி.