ஆட்டுப்பால் பாடி வாஷ்: "பால்தானே டாக்டர்?"

இரண்டு வயதுப் பையன். முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கரப்பான் (எக்ஸிமா). சொறிந்து சொறிந்து தோல் கிழிந்து நீர் கசிந்திருந்தது. அவன் அம்மா பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். ஆட்டுப்பால் பாடி வாஷ். "சோப்பு வேண்டாம்னு சொன்னீங்கல்ல டாக்டர், இதுக்கு மாத்திட்டேன். பால்தானே, என்ன பண்ணிடும்?"

இதே கேள்வியைப் பலர் கேட்டுவிட்டதால், முன்பே ஒன்றை வாங்கி இரண்டு வாரம் நானே குளித்துப் பார்த்திருந்தேன். எங்கள் வீட்டில் போர் தண்ணீர். சாதாரண சோப்பு போட்டுக் குளித்தால் நகம் பட்டாலே காலில் கோலமாவால் இழுத்ததுபோல வெள்ளைக் கோடு விழும். இந்த பாடி வாஷ் போட்ட நாட்களில் அந்தக் கோடு விழவில்லை. தோல் இழுத்துப் பிடிக்கவும் இல்லை.

ஆனால் அதற்குக் காரணம் பால் இல்லை. நம் தோலின் பிஹெச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு; 7-க்கு மேல் போனால் காரம்) சுமார் 5. கட்டிச் சோப்பு 9, 10 வரை போகும். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து அது தோலில் படலமாகவும் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலான பாடி வாஷ்களில் சோப்பே கிடையாது. வேறு வகை நுரைப்பொருள்தான், அதனால் அந்தப் படலம் படியாது. கிளினிக்கில் இருந்த பிஹெச் தாளில் ஒரு சொட்டு விட்டேன்: சோப்பு நீர் காரத்துக்குரிய கருநீலம் காட்டியது, பாடி வாஷ் மஞ்சளிலேயே நின்றது. "ஆட்டுப்பாலின் பிஹெச்சும் தோலின் பிஹெச்சும் ஒன்று" என்று விளம்பரத்தில் வருகிறதே, அது சரியில்லை. பாலின் பிஹெச் ஏறக்குறைய 6.5.

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். எது அதிகமோ அதுதான் பட்டியலில் முதலில் வரும். தண்ணீர், நுரைப்பொருள், கிளிசரின் எல்லாம் தாண்டி, நான் வாங்கியதில் ஆட்டுப்பால் பவுடர் வாசனைப் பொருளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

சரி, தோல் வெறுமனே வறண்டிருக்கும் பெரியவர்கள் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். வெதுவெதுப்பான தண்ணீர், பத்து நிமிடத்துக்குள் குளியல், ஈரம் காயும் முன் மாய்ஸ்சரைசர். வறட்சியைக் குறைப்பதில் இந்தக் கடைசி வேலைக்குத்தான் என் அனுபவத்தில் அதிகப் பலன்.

நான் பயப்படுவது கரப்பான் உள்ள குழந்தைகளை நினைத்து. கிழியாத தோல் ஒரு சுவர் மாதிரி. அது கிழிந்திருக்கும்போது உணவுப் புரதம் உள்ளே நுழைந்தால், உடல் அதை எதிரியாகப் பழகிக்கொள்ளலாம். அப்புறம் அதே உணவைச் சாப்பிடும்போது ஒவ்வாமை கிளம்பும். ஆட்டுப்பால் கலந்த மாய்ஸ்சரைசரைத் தடவிவந்தவருக்கு, பின்பு ஆட்டுப்பால் சீஸ் சாப்பிட்டதும் உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. "இது கழுவிவிடுறதுதானே" என்பார்கள். ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த முகச் சோப்பும் கழுவிவிடுவதுதான். அதைப் பயன்படுத்தியவர்களில் 2,000 பேருக்கு மேல் கோதுமை ஒவ்வாமை வந்து, 2011-ல் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

இன்னொன்று. பசும்பால் ஒவ்வாமை உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது. இரண்டின் புரதங்களும் அவ்வளவு நெருக்கம். அவர்கள் இதைக் கையில் தடவிச் சோதித்துப் பார்க்கவும் வேண்டாம்.

அந்த அம்மாவிடம் பாட்டிலை எடுத்து வைக்கச் சொன்னேன். பாலும் வாசனையும் இல்லாத மென்மையான வாஷ் ஒன்றை எழுதினேன். புண் ஆற மருந்தும் கொடுத்தேன். எழுந்து போகும்போது கேட்டேன்: "பால், தயிர் கொடுத்தா உதடு தடிக்குமாம்மா?"

கொஞ்சம் யோசித்தார். "தயிர் சாதம் ஊட்டினா வாயோரம் சிவப்பா தடிக்கும் டாக்டர். தயிர் புளிச்சிருக்கும்னு நினைச்சேன்."

மறுபடி உட்காரச் சொல்லி, ஒவ்வாமைப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தேன்.