பயோகேஸ் குளத்துப் பம்ப்: தகடு, பெர்மிட், உங்கள் உரிமை

செம்பனை ஆலைக் கழிவுநீரை மூடிய குளத்தில் புளிக்க விட்டால் பயோகேஸ் கிளம்பும். அதில் ஏறக்குறைய 60 விழுக்காடு மீத்தேன். மீதி பெரும்பாலும் கரியமில வாயு, கூடவே கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடு. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்துவிட்டால் ஒரு சின்னப் பொறியே வெடிக்க வைக்கும். மலேசியாவின் தெலுக் இந்தான் பக்கத்து ஆலைகளில் இப்படிப்பட்ட குளத்தோரமும் சம்ப் குழியிலும் (கழிவுநீர் வந்து தேங்கும் குழி) பம்ப் பார்ப்பவர்கள், கான்டிராக்ட் ஆட்கள் உட்பட, தெரிந்துவைத்திருக்க வேண்டிய விதிகள் இவை.

அடிப்படை, 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். அதன் 2022 திருத்தம் 1 ஜூன் 2024 முதல் நடப்பில் இருக்கிறது. 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் அதே நாளில் ரத்தானது. இயந்திரத்தைப் பாதுகாப்பாக வைத்திருப்பது 15ஆம் பிரிவின்படி முதலாளியின் கடமை. மீறினால் அபராதம் 500,000 வெள்ளி (ரிங்கிட்) வரை, சிறை 2 ஆண்டு வரை, அல்லது இரண்டும். முன்பு அபராத உச்சம் 50,000 வெள்ளிதான். ஆபத்து மதிப்பீடு செய்வதை 18பி பிரிவு கட்டாயமாக்குகிறது. பம்ப் விஷயத்தில் அந்த மதிப்பீடு முதலில் சொல்ல வேண்டியது, கேஸ் எங்கே, எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை. எப்போதும் நிற்கும் இடம் சோன் 0, வழக்கமான ஓட்டத்திலேயே அவ்வப்போது வரும் இடம் சோன் 1, கோளாறு நேர்ந்தால் மட்டும் கொஞ்ச நேரம் வரும் இடம் சோன் 2. இதைக் காட்டும் வரைபடம் இல்லாமல் எந்த பம்ப் பொருத்தம் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அடுத்தது தகடு. மோட்டார் தகட்டில் ‘எக்ஸ் டிபி, ஐஐபி, டீ4, ஜிபி’ (Ex db IIB T4 Gb) என்று இருந்தால் பொருள் இதுதான்: உள்ளே வெடித்தாலும் தீ வெளியே வராத கூடு, ஐஐபி வகை வாயு வரை ஏற்றது, மேற்பரப்புச் சூடு 135 டிகிரியைத் தாண்டாது, சோன் 1இல் வைக்கலாம். ‘ஜிசி’ (Gc) என்றிருந்தால் சோன் 2க்கு மட்டும். மீத்தேன், ஐஐபியைவிட ஆபத்து குறைந்த ஐஐஏ வகைதான். ஆனால் ஹைட்ரஜன் சல்பைடு ஐஐபி வகை, சுமார் 260 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும். அதனால் பயோகேஸ் இடத்துக்கு ஐஐஏ போதும் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

மோட்டார் தகட்டைப் பார்த்துவிட்டுத் திருப்தியடைவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அந்தத் தகடு மோட்டாருக்கு மட்டும். பம்ப் உடல், மெக்கானிக்கல் சீல் (ஷாஃப்ட் வழியே கசியாமல் தடுப்பது), கப்ளிங் (மோட்டாரையும் பம்பையும் இணைப்பது) இவற்றுக்குத் தனியாக ‘எக்ஸ் எச்’ (Ex h) குறி வேண்டும். சூடு பம்ப் பக்கத்திலும் பிறக்கிறது. உறிஞ்சு குழாயில் நார் அடைத்து பம்ப் வறண்டு ஓடினால் சீல் முகங்கள் சில நிமிடங்களில் கொதித்துவிடும். வெளியேற்று வால்வை மூடிவைத்து ஓட்டினால் உள்ளே இருக்கும் நீரே சூடேறும். கப்ளிங் மூடி நசுங்கி ஷாஃப்டில் உரசினால் பொறி பறக்கும். வறண்டால் தானே நிறுத்தும் சுவிட்சும் பேரிங் சூடு காட்டும் சென்சாரும் இருக்க வேண்டும். அவற்றை பைபாஸ் செய்து ஓட்டுவது குற்றத்துக்குச் சமம். முங்கி ஓடும் பம்புகளில் பல, நீருக்குள் இருக்கும்வரைதான் தகட்டில் உள்ளபடி பாதுகாப்பு. எந்த மட்டத்துக்குக் கீழே நீர் இறங்கக்கூடாது என்பதை மேனுவலில் பார்த்து ஃப்ளோட் சுவிட்சை அதற்கு ஏற்ப வையுங்கள்.

பழுது பார்த்த பிறகும் பாதுகாப்பு போய்விடலாம். மோட்டார் கூட்டின் போல்ட் ஒன்று குறைந்தாலும், ஃபிளாஞ்ச் முகத்தில் கீறலோ பெயின்டோ சிலிக்கோனோ இருந்தாலும், கேபிள் ஓட்டையில் சாதாரண பிளாஸ்டிக் அடைப்பான் இருந்தாலும் அது வெடி தாங்கும் கூடு இல்லை. பட்டறையில் சும்மா ரீவைண்ட் செய்த மோட்டாரும் அப்படித்தான். இன்வெர்ட்டரில் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) ஓட்ட வேண்டுமானால் சான்றிதழில் அதற்கு இடமிருக்க வேண்டும். மெதுவாகச் சுற்றும்போது விசிறியும் மெதுவாகிறது, சூடு வெளியேறாது.

சம்ப் குழிக்குள் இறங்கி வேலை செய்வது வரையறுக்கப்பட்ட இட வேலை. 2010ஆம் ஆண்டு நடைமுறை விதிப்படி பெர்மிட், பயிற்சி பெற்ற கேஸ் டெஸ்டர், வெளியே காத்திருக்கும் ஆள் மூன்றும் வேண்டும். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள்ளும், எரிவாயு அளவு, வெடிக்கத் தொடங்கும் அளவின் 10 விழுக்காட்டுக்குக் கீழும் இருக்க வேண்டும். மேல், நடு, அடி மூன்றிலும் அளக்கச் சொல்லுங்கள்: மீத்தேன் மேலே போகும், ஹைட்ரஜன் சல்பைடு அடியில் தேங்கும். அழுகிய முட்டை வாடையை நம்பாதீர்கள். 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவில் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாமல் போகும். மின்சாரத்தைத் தகுதிச் சான்று உள்ள சார்ஜ்மேன் துண்டித்து, பூட்டு போட்டு, டேக் மாட்டிய பிறகே பம்பைத் திறக்க வேண்டும்.

உங்கள் உரிமை அதே 1994 சட்டத்தின் 26ஏ பிரிவில் இருக்கிறது. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தெரிந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால் வேலையை விட்டு விலகி நிற்கலாம். அதற்காக உங்களைப் பழிவாங்கக்கூடாது. ஆகவே முதலில் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள், முடிந்தால் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் அனுப்புங்கள், நேரம் பதிவாகட்டும். சட்டப்படி தர வேண்டிய பாதுகாப்புச் சாதனங்களுக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்யக்கூடாது. 5 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரும், 40 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்புக் குழுவும் இருக்க வேண்டும். குழுவில் தொழிலாளர் சார்பில் இருப்பவர் யார் என்று இன்றே கேட்டு வையுங்கள். முதலாளி தரப்பு கேட்காவிட்டால் ஈப்போவில் உள்ள ஜேகேகேபி (வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். புகார் கொடுத்ததற்காக வேலையை விட்டு நீக்குவதும் சட்டப்படி தவறு.

வெடிப்போ தீயோ நடந்தால் முதலாளி உடனே ஜேகேகேபிக்குத் தெரிவித்து, 7 நாளுக்குள் எழுத்து அறிக்கை கொடுக்க வேண்டும். யாராவது இறந்தாலோ கடுமையாகக் காயம்பட்டாலோ, ஆளைக் காப்பாற்றவோ சேதத்தைத் தடுக்கவோ தவிர, அதிகாரியின் அனுமதி இல்லாமல் பம்பையோ ஸ்டார்ட்டர் பெட்டியையோ நகர்த்தக்கூடாது, கழுவக்கூடாது.