தபாலட்டை, அஞ்சலட்டை, போஸ்ட் காட்

திருகோணமலையை அடுத்த உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைக் கடைகளில் கோணேசர் கோயிலையும் புறாத்தீவையும் படமாகப் போட்ட அட்டைகள் தொங்கும். வெளிநாட்டுக்காரர் தங்கள் ஊருக்கு அனுப்ப வாங்குவார்கள். கடைக்காரருக்கு அது 'போஸ்ட் காட்'. தபாற்கந்தோரில் 'தபாலட்டை'. தமிழ்நாட்டு ஏடுகளில் 'அஞ்சலட்டை'.

பொருள் ஒன்றுதான்: உறை இல்லாமல், திறந்தபடியே போகும் கடிதம். 1869 ஒக்டோபர் 1 அன்று ஒஸ்திரியா-ஹங்கேரி இதை முதலில் வெளியிட்டது. அடுத்த ஆண்டு பிரித்தானியா, 1872இல் இலங்கை. அது முத்திரை அச்சடித்தே வந்த வெறும் அட்டை. படம் பிறகு வந்தது. தொடக்கத்தில் படத்தின் பின்பக்கம் முழுவதும் விலாசத்துக்கே. செய்தியைப் படத்தின் ஓரத்தில் நுணுக்கி எழுதினார்கள். 1902இல் பிரித்தானியா பின்பக்கத்தை நடுவே கோடு போட்டுப் பிரித்தது: இடப்பக்கம் செய்தி, வலப்பக்கம் விலாசம். பாரிஸிலிருந்து எழுதும் நம்மவருக்கு அந்த இடப்பக்கம் காணாது. மேலே பிள்ளையார் சுழி, 'அன்புள்ள அம்மம்மாவுக்கு, நான் இங்கு நலம், உங்கள் நலமறிய ஆவல்' என்று போட்டதுமே பாதி முடிந்துவிடும். பாரிஸைப் பற்றி எழுத இரண்டு வரிதான் மிச்சம்.

இனிச் சொற்களுக்கு வருவோம். 'காட்' இலத்தீன் 'கார்த்தா'வின் வழி வந்தது. அதே வேரிலிருந்துதான் போர்த்துக்கேயரின் 'கர்த்தாஸ்'. இந்து சமுத்திரத்தில் ஓடிய கப்பல்களுக்கு அவர்கள் கொடுத்த அனுமதிச் சீட்டுக்கும் அதுவே பெயர். அது நம் வாயில் 'கடதாசி' ஆனது. 1624இல் திருகோணமலையில் கோட்டை கட்டியவர்கள் விட்டுப்போன சொல்லை இன்று எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையும் வேற்றுமொழி என்று நினைப்பதில்லை. ஆகவே 'காட்' வேண்டாம் என்பவர் கடதாசியிலும் கை வைக்கவேண்டி வரும்!

'தபால்' நமக்கு மட்டும் உரியதல்ல. மராத்தியில் 'டபால்', கன்னடத்தில் 'டப்பால்', சிங்களத்தில் 'தெபெல்'. 'கந்தோர்' ஒல்லாந்தரின் 'கன்தோர்'. இந்த இரண்டு வந்தேறிகளும் சேருமிடத்தில் 'ல்' திரிந்து 'ற்' ஆகி, 'தபாற்கந்தோர்' என்று நன்னூல் முறைப்படி புணர்ந்து நிற்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அதைத் திருத்த எனக்கு மனமில்லை.

'அஞ்சல்' திருவிதாங்கூரில் அரசுத் தபாலுக்கே பெயராக இருந்தது. 1951இல் அது இந்தியத் தபாலோடு இணைந்தது. ஓட்டக்காரர் ஒருவர் பையைக் கொண்டுபோய் அடுத்தவர் கையில் கொடுக்க, அவர் அதை மேலும் கொண்டு ஓடுவதுதான் பழைய ஏற்பாடு. நம் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில் கோலை மாற்றி மாற்றி ஓடுவதை 'அஞ்சலோட்டம்' என்கிறோமே, அதே கருத்து. அச்சில் எழுத எனக்கு இந்தச் சொல்லே பிடிக்கும். பேச்சில் 'தபாலட்டை'யை விடச் சொல்லி யாரையும் வற்புறுத்தமாட்டேன்.

படம் போட்டதைப் 'பட அஞ்சலட்டை' எனப் பிரித்துச் சொல்வது நல்லது. காரணம் இலக்கணமல்ல, முத்திரை. தபாற்கந்தோர் விற்கும் அட்டையில் முத்திரை அச்சாகியே இருக்கும்; கடையில் வாங்கும் பட அட்டையில் இராது, வெளிநாட்டுக் கட்டணத்துக்கு ஒட்டவேண்டும். வெளியிலிருந்து இங்கே திருகோணமலைக்கு அனுப்புவோர் ஊர்ப் பெயரோடு 31000 என்ற தபால் குறியீட்டு எண்ணையும், கடைசி வரியில் நாட்டின் பெயரை ரோமன் எழுத்திலும் போட்டுவிடுங்கள்.