ஞானப்பல்லை ஏன் துண்டு போடுகிறார்கள்?

"பல் மருத்துவக் கல்லூரியில் ஞானப்பல் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். செய்யப்போவது மாணவராம். நம்பிப் போகலாமா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் போகலாம். ஆனால் அது மாணவரைவிடப் பல்லைப் பொறுத்த விஷயம்.

ஞானப்பல் என்கிற மூன்றாம் கடைவாய்ப்பல் 17 முதல் 25 வயதுக்குள் முளைக்கும். தாடையில் இடம் போதாவிட்டால் எலும்புக்குள் சிக்கிக்கொள்ளும். பாதி மட்டும் எட்டிப் பார்த்தால், மேலே மூடியிருக்கும் ஈறுக்கடியில் உணவு தங்கி, சீழ் பிடித்து, வாயைத் திறக்கவே முடியாமல் போகலாம். தொந்தரவு தராத பல்லை எடுக்க வேண்டாம் என்று சிகிச்சைகளுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000-இலேயே சொல்லிவிட்டது. என் கட்சியும் அதுதான்.

எடுத்தே ஆகவேண்டும் என்றால் முதல் படிகள் எளிமையானவை. மரத்துப்போக ஊசி, ஈறைக் கீறி விலக்குவது, மறைக்கும் எலும்பைச் சிறிய டிரில்லால் செதுக்குவது. செதுக்கும்போது சலைன் நீரை விடாமல் பீய்ச்சுவார்கள். 1983-இல் எரிக்சன், ஆல்பிரெக்ட்சன் என்ற ஆய்வாளர்கள் முயல்களிடம் செய்த சோதனையில், 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் சூடுபட்டாலே எலும்பு பாதிக்கப்படுவது தெரிந்தது. சுழலும் டிரில் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொட்டுவிடும்.

இனிதான் எனக்குப் பிடித்த இடம். கீழ்த்தாடையில் முன்பக்கம் சாய்ந்து கிடக்கும் ஞானப்பல்லின் தலை, பக்கத்துப் பல்லின் இடுப்பில் முட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு பலமாக நெம்பினாலும் வராது. பக்கத்துப் பல்தான் ஆடும், இல்லையென்றால் தாடையில் விரிசல் விழும். வாசலில் நுழையாத கட்டிலை என்ன செய்வோம்? கழற்றித்தானே வெளியே எடுப்போம்! இங்கும் அதே கதைதான். பல்லின் நடுவே டிரில்லால் ஒரு பள்ளம் போடுகிறார்கள். ஆனால் மறுபக்கம் வரை வெட்டுவதில்லை, நாக்குப் பக்கம் கொஞ்சம் மிச்சம் வைக்கிறார்கள். அந்தப் பக்கத்து எலும்பு மெல்லியது. அதை ஒட்டியே நாக்கின் உணர்வு நரம்பு ஓடுகிறது. டிரில் முனை அங்கே நழுவினால் பாதி நாக்கு மரத்துப்போகும், சுவையும் குறையும். அதனால் பள்ளத்துக்குள் எலிவேட்டர் என்னும் தட்டைக் கருவியை நுழைத்து, சாவி போல மெல்லத் திருப்புகிறார்கள். பல் கெட்டியானதுதான், ஆனால் வளைந்து கொடுக்காது. மிச்சமிருக்கும் பகுதி 'டக்'கென்று விட்டுப்போகும். பின்பாதியை முதலில் எடுத்தால், அது காலி செய்த இடத்துக்குள் முன்பாதி தானாகவே சாய்ந்து வந்துவிடும்.

அந்த 'டக்' சத்தத்துக்கு அலறாதவர்கள் குறைவு. தாடையே உடைந்ததோ என்று தோன்றும். எலும்பு வழியாக நேரே உள்காதுக்குப் போவதால்தான் அவ்வளவு பெரிதாகக் கேட்கிறது.

நல்ல மாணவர் எங்கே வெட்டை நிறுத்துவது என்பதைத்தான் முதலில் கற்றுக்கொள்கிறார். அது பிளாஸ்டிக் தாடைகளில் பலமுறை தப்புச் செய்துதான் வரும். பளபளக்கும் ஸ்கேனர்களுக்குக் கொட்டும் பணத்தில் கொஞ்சத்தை அந்தத் தாடைகளுக்கு ஒதுக்கலாம் என்பேன்.

எந்தப் பல்லை மாணவரிடம் கொடுப்பது என்பதற்கு பெடர்சன் மதிப்பெண் என்று ஒன்று உண்டு. பல் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, பின்னால் இடம் எவ்வளவு, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். மதிப்பெண் ஏற ஏறக் கஷ்டம். எக்ஸ்ரேயில் பயமுறுத்தும் முன்சாய்வுக்கு 1 தான். கிட்டத்தட்ட நேராக நிற்பதுபோலத் தெரியும் பின்சாய்வுக்கு 4! அதன் வெளிவரும் வழி தாடையின் செங்குத்து எலும்பில் போய் முட்டுகிறது. கூட்டுத்தொகை 3, 4 என்றால் சுலபம். 7-ஐத் தாண்டினால் அனுபவசாலி கைவைக்க வேண்டிய பல்.

பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பயமும் கடிதத்தில் இருந்தது. பார்வைக்கு இரண்டாம் கபால நரம்பு, பல்லுக்கு ஐந்தாவது. கம்பியே வேறு! மாணவர் செய்தால் நேரம் கூடும், வீக்கமும் சற்றுக் கூடலாம். பயப்பட வேண்டியது கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்புக் குழாயைப் பற்றித்தான். எக்ஸ்ரேயில் அந்தக் குழாயின் வெள்ளைக் கோடு பல்வேர் இருக்கும் இடத்தில் அறுந்து தெரிகிறதா என்று கேளுங்கள். தெரிந்தால், பேராசிரியரே செய்யட்டும் என்று தயங்காமல் சொல்லுங்கள். சில சமயம் அவரும் பல்லின் தலையை மட்டும் எடுத்துவிட்டு வேரை அங்கேயே விட்டுவிடுவார்.