வியாழன், மாலை ஐந்து மணி

காசிமேட்டில் மீன் ஏலத்துக்கு வேலைக்குப் போகும் தம்பி அவன் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). வாழவே பிடிக்கவில்லை என்று புலம்பியவனை அவனுடைய அத்தை தண்டையார்பேட்டையில் மனநல ஆலோசனை தரும் என்னிடம் அழைத்து வந்தார். ரொம்ப நேரம் பேசினோம். கிளம்பும்போது, "எப்ப வேணும்னாலும் வாப்பா" என்றேன்.

அவன் வரவில்லை. போன் செய்து காலை பத்து மணிக்கு வரச் சொன்னேன், அப்போதும் வரவில்லை. நடுராத்திரியே ஹார்பருக்குப் போகிறவன் பத்து மணிக்கு அசந்து தூங்குவான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. தப்பு என்னுடையது.

மனசு உடைந்து கிடப்பவருக்கு நாலையும் யோசித்து முடிவெடுக்கத் தெம்பு இருக்காது. கைக்கு எட்டுவதைத்தான் செய்வார். அதனால் உதவி பக்கத்தில் இருக்க வேண்டும், ஆபத்து எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். கட்டாயப்படுத்தாமல் இப்படி வழியை மாற்றி வைப்பதை, மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராயும் நடத்தைப் பொருளாதாரத்தில் 'நட்ஜ்' என்கிறார்கள். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் 2017இல் நோபல் பெற்றது இந்தத் துறையில்தான்.

"செய்யணும்னு நினைச்சவன் எப்படியும் செய்வான்" என்று வீடுகளில் சொல்கிறார்கள். அது உண்மையில்லை. பிரிட்டனில் 1998இல் வலி மாத்திரைகளைச் சிறிய பெட்டிகளில் மட்டுமே விற்கச் சட்டம் வந்தது. அவற்றால் நேர்ந்த சாவுகள் குறைந்தன. உச்சத்துக்குப் போகும் அந்த எண்ணம் பலருக்குக் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தைக் கடத்தினால் உயிர் தங்கும்.

அந்தத் தம்பிக்கு இப்போது வியாழன் மாலை ஐந்து மணி என்று நேரம் குறித்திருக்கிறேன். சீட்டில் 'அத்தையோடு' என்றும் எழுதிக் கொடுத்தேன். புதன்கிழமை நானே போன் செய்வேன். டாக்டர் மாத்திரையை ஒரு வாரத்துக்குத்தான் எழுதுகிறார், அதுவும் அத்தையின் பீரோவில் இருக்கும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 நாள் முழுக்க இலவசம், தமிழிலேயே பேசலாம். நண்பர்கள் பார்த்துவிடுவார்களோ என்று கூச்சப்பட்டவன், அதை 'அக்கா' என்று பதிந்துகொண்டான். எனக்குத் தோன்றாத யோசனை அது!

வராதவர்களையும் விட்டுவிடக் கூடாது. அமெரிக்க மனநல மருத்துவர் ஜெரோம் மோட்டோ, சிகிச்சையைத் தொடராதவர்களில் ஒரு பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுகள் சின்னச் சின்ன நலம் விசாரிப்புக் கடிதங்கள் அனுப்பினார். முதல் இரண்டு ஆண்டுகளில் அவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது. நான் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்புகிறேன்.

இதெல்லாம் அவனுடைய வட்டிக் கடனைத் தீர்க்காது. அதற்குத் தனியாக மன்றாடிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் வீட்டில் யாராவது ஒடுங்கிப் போயிருந்தால், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். நீங்களே 14416ஐ அழைத்து, போனை அவர் கையில் கொடுங்கள்.