குட்டி கொழுகொழுவென்று இருக்க வேண்டாம்

லாப்ரடார் குட்டி பிறக்கும்போது ஏறக்குறைய 400 கிராம்தான் இருக்கும். ஒரு வருஷமோ கொஞ்சம் கூடவோ ஆனதும் அது 30 கிலோ, அதாவது எழுபது மடங்குக்கும் மேல். 3 கிலோவில் பிறக்கிற நம் வீட்டுப் பிள்ளை 60 கிலோ ஆவது வெறும் 20 மடங்கு, அதற்கே 18 வருஷம் ஆகிறது. ராட்வைலர், ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன், நம் ராஜபாளையம் எல்லாமே இப்படித்தான் வேகமாக வளரும். இவ்வளவு வேகத்தில் வளரும் உடம்புக்கு நாம் என்ன போடுகிறோம், எதைச் சொல்லித் தருகிறோம் என்பதுதான் அது 8 வயதில் எழுந்து நடக்குமா, படுத்தே கிடக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

வேலூர் சத்துவாச்சாரியிலோ காட்பாடி காந்தி நகரிலோ காலையில் ஒரு பெரிய ஜாதிக் குட்டியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். நாலு வீடு தாண்டுவதற்குள் யாராவது ஒருவர், "இன்னா சார், குட்டி எலும்பா கீது, சோறு போடறது இல்லியா?" என்று கேட்டுவிடுவார். பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பயந்து குட்டியைக் கொழுக்க வைப்பதுதான் நாம் அதற்குச் செய்யும் பெரிய கெடுதல்.

ஏன் என்று புரிய எலும்பு எப்படி நீளமாகிறது என்று பார்க்க வேண்டும். கால் எலும்பின் இரண்டு முனைக்கும் அருகே மெல்லிய குருத்தெலும்புப் பட்டை ஒன்று இருக்கிறது, வளர்ச்சித் தட்டு என்பார்கள். அதில் செல்கள் வரிசையாக அடுக்கி நின்று பெருகும், பருக்கும், பிறகு அந்த இடத்தில் சுண்ணாம்புச் சத்து படிந்து அது கெட்டி எலும்பாக மாறும். எலும்பு நீள்வது இந்தப் பட்டையில்தான், நடுவில் அல்ல. பெரிய இனங்களில் இந்தத் தட்டுகள் எல்லாம் மூடி முழு எலும்பாக 12 முதல் 18 மாதம் ஆகும். அதுவரை அந்த இடம் சென்ட்ரிங் பிரிக்காத கான்கிரீட் தளம்தான்: பார்க்க உருவம் வந்திருக்கும், பாரம் ஏற்ற முடியாது. அதிகச் சோறு போட்டால் தசையும் கொழுப்பும் சீக்கிரம் ஏறிவிடும், குருத்தெலும்பு எலும்பாகும் வேகம் அதற்கு ஈடு கொடுக்காது, எடை முழுவதும் இன்னும் கெட்டிப்படாத மூட்டின் மேல் உட்காரும்.

இதை அழகாகக் காட்டிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை, ஒரே ஈற்றில் பிறந்தவற்றை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, அதே உணவை ஒன்றுக்கு முழுசாகவும் மற்றதற்கு அதைவிடக் கால் பங்கு குறைவாகவும் கொடுத்து, சாகும்வரை கவனித்தார்கள். 2002-ல் முடிவு வெளியானது. குறைவாகச் சாப்பிட்ட நாய்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதி நாய்கள் தாண்டி வாழ்ந்த வயது, 13 வருஷம், நிறையச் சாப்பிட்டவற்றுக்கு 11.2. கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கூடுதல்! இடுப்பு மூட்டுக் கோளாறும் குறைவு, மூட்டு வாதம் வந்த நாய்களுக்கும் தாமதமாகத்தான் வந்தது. இதில் மருந்தும் இல்லை, டானிக்கும் இல்லை, தட்டில் அளவு மட்டும்தான் வித்தியாசம்.

அளவு சரியா என்று பார்க்கத் தராசு வேண்டாம், கை போதும். குட்டியின் பக்கவாட்டில் விரல்களை அழுத்தாமல் வைத்து நகர்த்தினால் விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும், ஆனால் தூரத்திலிருந்தே துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும். அழுத்தித் தேடினால்தான் எலும்பு கிடைக்கிறது என்றால் தட்டில் ஒரு கைப்பிடி குறையுங்கள். வாரம் ஒரு தடவை இதைச் செய்தால் போதும்.

அடுத்தது கால்சியம். இதைத்தான் நான் எல்லோரிடமும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெரிய குட்டி என்றால் எலும்பு பலமாக வேண்டும், அதற்குக் கால்சியம் சிரப் ஊற்ற வேண்டும் என்று ஒரு நம்பிக்கை இங்கே வேரோடியிருக்கிறது. வளர்ந்த நாய்க்குக் கால்சியம் கூடிப்போனால் குடல் உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளும். சுமார் 6 மாதம் வரை குட்டியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு சரியாக வராது, சாப்பாட்டில் வருகிற கால்சியத்தில் ஒரு பெரும்பங்கை, தேவையோ இல்லையோ, அப்படியே உள்ளே விட்டுவிடும். ரத்தத்தில் கால்சியம் கூடும்போது அதை அடக்கக் கால்சிடோனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, அது எலும்பை அரித்துத் திருத்தி அமைக்கும் செல்களைக் கட்டிப்போட்டுவிடுகிறது. எலும்பு வளரும்போது ஒரு பக்கம் கட்டுவதும் மறுபக்கம் இடிப்பதும் சேர்ந்தே நடக்க வேண்டும், இடிப்பு நின்றால் உருவம் கெடும். குருத்தெலும்பும் எலும்பாக மாறாமல் தடித்துப்போய், உள்ளே ஊட்டம் எட்டாமல் விரிசல் விடும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980-களில் கிரேட் டேன் குட்டிகளுக்கு அதிகக் கால்சியம் கொடுத்துப் பார்த்தபோது நடந்தது இதுதான்: முன்னங்கால் வளைவு, மூட்டில் குருத்தெலும்புக் கோளாறு, நொண்டல். வளர்ந்தபின் 32 கிலோவுக்கு மேல் போகும் இனங்களின் குட்டிகளுக்கான உணவில், ஈரம் நீக்கிய எடையில் கால்சியம் 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்காவில் உச்சவரம்பே வைத்திருக்கிறார்கள். பெரிய இனக் குட்டிகளுக்கென்று வரும் பாக்கெட் உணவில் இந்தக் கணக்கு ஏற்கெனவே பார்க்கப்பட்டிருக்கும். அதைப் போட்டுக்கொண்டே மேலே சிரப்பையும் ஊற்றாதீர்கள், தயவுசெய்து.

புரதம் கூடினால் கால் வளையும் என்றும் சொல்வார்கள். அது தவறு. கிரேட் டேன் குட்டிகளிடம் அதையும் சோதித்துப் பார்த்தாயிற்று, வில்லன் புரதம் அல்ல. வெயிலில் கொஞ்ச நேரம் விட்டால் வைட்டமின் டி கிடைக்கும் என்பதும் மனிதர்களுக்கான கணக்கு. நாயின் தோல் வெயிலில் தேவையான அளவு வைட்டமின் டி செய்யாது, அதற்குச் சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். அதனால் குட்டியை மொட்டைமாடியில் கட்டிப்போடுவதில் நமக்கு ஒரு லாபமும் இல்லை, அதுவும் வேலூர் வெயிலில்.

சரி, கால்சியமே வேண்டாமா? அப்படியும் இல்லை. கோழிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் எலும்பில்லாத கழிவுக் கறியும் சோறும் மட்டுமே போட்டு வளர்த்தால் எதிர்த்திசையில் போய் விழுவோம். கறியில் பாஸ்பரஸ் ஏராளம், கால்சியம் மிகச் சொற்பம். ரத்தத்தில் அளவு குறையக் கூடாது என்பதற்காக உடம்பு எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும், எலும்பு மெலிந்து ஒரு சின்னத் தாவலில் முறியும். தயிர்சாதம் மட்டுமே போடுகிறவர்களும் இங்கே நிறைய, அதில் வளரும் குட்டிக்குப் புரதம் போதாது. சோறு நாய்க்கு விஷம் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள், அதையும் நம்ப வேண்டாம். மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு என்று 2013-ல் சுவீடன் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள், மனிதனோடு வாழ்ந்து அவன் சாப்பாட்டைச் செரிக்கப் பழகியது அது. சோறோ கேழ்வரகுக் களியோ தட்டில் ஒரு பங்காக இருக்கலாம், முழுத்தட்டாக ஆகக் கூடாது. வீட்டுச் சாப்பாடுதான் போடுவேன் என்றால் முட்டை, கறி, ஈரல், கால்சியம் எல்லாவற்றையும் எத்தனை கிராம் என்று கால்நடை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கண் மதிப்பில் பெரிய இனக் குட்டிக்கு இது சரிவராது.

ஆம்பூர் பிரியாணியின் மிச்சம் மட்டும் வேண்டவே வேண்டாம். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வேகவைத்த எலும்பு ஈட்டிபோல் பிளந்து குடலைக் குத்தும். அப்புறம், ஒரே வேளையில் ஒரு குண்டான் நிறைய வைப்பதும் ஆபத்து. நெஞ்சு ஆழமான பெரிய இனங்களில் இரைப்பை உப்பி முறுக்கிக்கொண்டு சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். 4 மாதம் வரை நாளுக்கு நாலு வேளை, 6 மாதம் வரை மூன்று, அதன்பின் ஆயுள் முழுக்க இரண்டு. சாப்பிட்ட கையோடு ஓட விடாதீர்கள்.

ஓட்டம் பற்றி நார்வேயில் பெரிய இனக் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2012-ல் ஒன்றைக் கண்டார்கள். பிறந்து முதல் மூன்று மாதம் படிக்கட்டு ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம், மிருதுவான மண்ணில் சங்கிலி இல்லாமல் தானாக ஓடியாடியவற்றுக்குக் குறைவு. நமக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது. வருஷத்தில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் பாலாற்று மணல் இதற்கு அருமையான இடம். ஆனால் தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவு கலக்கும் பகுதிகளில் தேங்கிய நீரை நக்க விடக் கூடாது. வீட்டுக்குள் டைல்ஸ் தரையைக் கொஞ்சம் கவனியுங்கள். 4 மாதக் குட்டி அழைப்பு மணி கேட்டு வாசலுக்குப் பாயும்போது பின்னங்கால் இரண்டும் இரண்டு பக்கமாக அகன்று வழுக்கும், நகம் கீறும் சத்தம் கேட்கும், தடுமாறி எழுந்து மறுபடி ஓடும். நமக்குச் சிரிப்பு வரும், அந்த ஒவ்வொரு வழுக்கலும் இடுப்புக் குழியிலிருந்து எலும்பின் தலையை வெளியே இழுக்கிறது. அது ஓடும் பாதையில் பழைய கோணிச்சாக்கையோ கால்மிதியையோ விரித்தால் தீர்ந்தது. மே மாதத்தில் இங்கே 40 டிகிரி தாண்டும்போது காலை 6 மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். நாய்க்கு உடம்பெங்கும் வியர்க்காது, பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற முடியும். உங்கள் புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு நொடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் முடியாது.

இனி அடங்காத்தனம். கடிப்பது, தாவுவது, இழுப்பது. முதலில் தூக்கம்: குட்டிக்கு நாளில் 18 மணி நேரம்கூட உறக்கம் தேவைப்படும். சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்குப் பிசாசு பிடித்ததுபோல் வீட்டைச் சுற்றி ஓடி வேட்டியைக் கடிக்கிற குட்டி பெரும்பாலும் ஆற்றல் மிஞ்சியதால் அப்படிச் செய்யவில்லை, தூக்கம் கெட்டதால் செய்கிறது. ஓட வைத்துக் களைக்க வைக்கப் பார்க்காமல் இருட்டான மூலையில் படுக்க வையுங்கள். கடிப்பதற்குப் பல்லும் காரணம், மூன்றரை மாதம் தொடங்கி 28 பால் பற்கள் விழுந்து 42 பற்கள் முளைக்கும் வரை ஈறு நமநமக்கும். ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள்.

தாவுவதன் அறிவியல் இன்னும் சுவாரசியம். ஒரு செயலுக்கு உடனே நல்லது கிடைத்தால் அந்தச் செயல் வலுக்கும், இதுதான் பயிற்சியின் அடிப்படை. குட்டி மார்பில் தாவும்போது நாம் கையால் தள்ளுகிறோம், "ஏய் இறங்கு" என்று கத்துகிறோம். அதற்கு அது தண்டனையே அல்ல, தொட்டார்கள், பார்த்தார்கள், பேசினார்கள், கேட்டது மூன்றும் கிடைத்தது! எனவே தாவும்போது கையைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், நாலு காலும் தரையில் பட்ட அந்த நொடியில் ஒரு துண்டு வேகவைத்த கோழி. நொடி என்று சொல்வது சும்மா இல்லை, பரிசு இரண்டு, மூன்று நொடி தள்ளிப்போனால் குட்டி அதை வேறு எதனோடோ முடிச்சுப் போட்டுக்கொள்ளும். கொடுக்கும் கோழியை அன்றைய சாப்பாட்டு அளவிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். இதுவரை பலித்த வித்தை திடீரென்று பலிக்காமல் போனால் விலங்கு அதை உடனே விடாது, இன்னும் மூர்க்கமாகச் செய்து பார்க்கும். கவனிக்காமல் நிற்க ஆரம்பித்த சில நாளில் குட்டி முன்னைவிட உயரமாகத் தாவும், குரைக்கும், சட்டையைப் பிடித்து இழுக்கும். அணையப்போகிற நேரத்தில் வரும் எழுச்சி அது. அந்தக் கட்டத்தில் பாட்டியோ பக்கத்து வீட்டு அண்ணனோ பாவம் என்று ஒரு தடவை கொஞ்சிவிட்டால், உயரமாகத் தாவினால்தான் கிடைக்கும் என்று அது பாடம் படித்துக்கொள்ளும், அதோடு எப்போதாவது கிடைக்கும் பரிசுக்கு எப்போதும் கிடைப்பதைவிடப் பிடிவாதம் அதிகம். ஆகவே வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும், பயிற்சி பாதி குட்டிக்கு, பாதி குடும்பத்துக்கு. இழுப்பதற்கும் இதே வழிதான்: லீஷ் இறுகினால் நில்லுங்கள், தளர்ந்தால் நடங்கள். பதிலுக்கு இழுக்காதீர்கள், இழுபடும் திசைக்கு எதிராகச் சாய்வது அதன் உடம்பின் இயல்பு.

3 வாரம் முதல் 12, 14 வாரம் வரை மூளை புதியதைப் பயமில்லாமல் ஏற்கும் காலம். பார்வோ என்ற கொடிய வைரஸ் நோய்க்கான தடுப்பூசி முடியாமல் தெருவில் இறக்கிவிட முடியாதுதான், ஆனால் தூக்கிக்கொண்டு போகலாம். பஸ் ஹாரன், ஹெல்மெட் போட்டவர், பர்தா அணிந்தவர், ஊன்றுகோல் தாத்தா, பறைச் சத்தம் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து காட்டுங்கள். இதைக் காணாமல் வளர்ந்த 40 கிலோ நாய் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா மேளத்தில் மிரண்டால் பிடிக்க இரண்டு ஆள் போதாது.

எல்லாம் கற்றுக்கொண்ட குட்டி 8 மாதத்தில் திடீரென்று காது கேளாததுபோல் நடக்கும். இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் 2020-ல் இதை ஆராய்ந்தார்கள். 5 மாதத்தில் உட்கார் என்றால் உட்கார்ந்த நாய்கள் 8 மாதத்தில் வளர்ப்பவர் சொன்னால் கேட்பது குறைந்தது, வேற்று ஆள் சொன்னால் கேட்டது. ஹார்மோன்கள் மூளையைத் திருத்தி எழுதும் பருவம், கடந்துபோகும். பலர் நாயை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று யோசிப்பதும், அடிக்கக் கை ஓங்குவதும் இப்போதுதான். பழைய பாடங்களையே சின்னச் சின்னதாக, பரிசோடு தொடருங்கள். கருத்தடையைப் பற்றியும் இந்த நேரத்தில் பேச்சு வரும். வளர்ச்சித் தட்டுகளை மூடச் சொல்லும் சமிக்ஞையில் பாலின ஹார்மோன்களுக்குப் பங்கு உண்டு, பெரிய இனங்களில் ஒரு வயதுக்கு முன்பே அறுவை செய்தால் தட்டுகள் தாமதமாக மூடும், சில இனங்களில் மூட்டுக் கோளாறும் கூடுகிறது. தேதி குறிப்பதற்கு முன் உங்கள் நாயின் இனத்தைச் சொல்லி, எத்தனை மாதத்தில் செய்யலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள்.